ஏகாதசியன்று ஒட்டிய கவர்

வாருங்கள், கிட்டே வந்து உட்காருங்கள். அடுப்பில் பால் வைத்திருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள், கண்ணுகளா. நடுவில் எழுந்து போனால் ஒரு முடிச்சு நழுவிவிடும். இன்றைக்கு மூன்று கவர்களின் கதை. கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஆனாலும் நெஞ்சு கனக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனக்கிற இடத்தில் நானும் உங்கள் பக்கத்தில்தான் இருப்பேன்.

நியூ ஜெர்சியில் ஐசலின் என்று ஓர் ஊர். அங்கே ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு டிபன் கடை. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜன்னலோர மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருத்தி தனபாக்கியம். ஈரோட்டுக்காரி, ஐம்பத்து நாலு வயது. பெண்கள் சிறை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் மனநல ஆலோசகராக இருந்தவள். அந்த வேலையை விட்ட பிறகு துப்பறியும் வேலை. எதிரே ரஞ்சித்குமார். சென்னை வியாசர்பாடியில் பிறந்து, நாற்பது தாண்டி, மருந்துக் கம்பெனியில் வேலை போனபின் அவளுக்குக் கார் ஓட்டுகிறவன், படம் எடுக்கிறவன், சும்மா இருக்கும் நேரத்தில் வாயடிக்கிறவன். அவன் சும்மா இருக்கும் நேரம்தான் அதிகம்.

தோசை ஆறிக்கொண்டிருந்தது. மேஜைமேல் அவனுடைய போன். அதில் மூன்று கவர்களின் படம்.

விஷயம் இதுதான். பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் நவநீத், அனன்யா என்று ஒரு தம்பதி. முதல் குழந்தை, ஆண் குழந்தை, ஷ்ரேயஸ் என்று பெயர். மூன்றரை மாதம். அந்தக் குழந்தை இப்போது அவர்கள் வீட்டில் இல்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு யாரோ மூன்று மொட்டைக் கடிதங்கள் போட்டார்கள். 'அந்த வீட்டில் குழந்தைக்கு ஆபத்து, எடுத்துப் போய்விடுங்கள்' என்று. அதிகாரிகள் வந்து விசாரித்தபோது பெற்றவள் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சந்தேகத்தோடு விட்டுவிட்டுப் போக முடியுமா? குழந்தையைத் தற்காலிகமாக வேறொரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் ஆயிற்று. திங்கட்கிழமை கோர்ட்டில் விசாரணை. கடிதம் எழுதியவர் யார் என்று தெரியாவிட்டால் குழந்தை வீடு திரும்புவது சந்தேகம். அதைக் கண்டுபிடிக்கத்தான் நவநீத் தனபாக்கியத்தை அமர்த்தியிருந்தான்.

அவனுடைய வக்கீலின் அலுவலகத்தில் அன்று காலை அசல் கவர்களைப் பார்க்க அனுமதி கிடைத்தது. தனபாக்கியம் பார்த்ததோடு நிற்கவில்லை. மூன்றையும் எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தாள். வக்கீல் நாசூக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மேடம், அமெரிக்காவுல கவரை மோந்து பார்க்கற ஒரே டிடெக்டிவ் நீங்கதான். அந்த வேலை பண்ற நாய்க்குக்கூட கவர்ன்மென்ட் மெடல் குடுக்குது" என்றான் ரஞ்சித்குமார்.

"மெடல் வேண்டாம். வக்கீல் வெச்சிருக்கற நிபுணர் என்ன சொன்னாரு, திருப்பிச் சொல்லுங்க."

"கவர்ல எச்சில் இல்ல, தெளிவா ஒரு கைரேகை இல்ல. பிரிண்டர்ல அடிச்ச லேபிள். கைதேர்ந்த கிரிமினல்னு சொன்னாரு."

"கைதேர்ந்த கிரிமினல்!" தனபாக்கியம் தோசையைக் கிள்ளினாள். "ஏனுங்க ரஞ்சித், அந்தக் கவர்ல கோந்தே இல்லை. அப்புறம் எச்சில் எங்கிருந்து வரும்? நம்மூர்ல வெத்தலை பாக்கோட வெச்சுக் குடுக்க வாங்குவாங்களே, நீளமா, வெள்ளையா, மடிச்சு விட்ட கவர். அதை எதால ஒட்டியிருக்குது தெரியுமா?"

"ஃபெவிகால்?"

"சோறு."

ரஞ்சித்குமார் சாம்பார்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"பருக்கையை நசுக்கி ஒட்டியிருக்குது. கோந்து இல்லாத வீட்ல நம்ம சனத்தோட கை வேற எங்கே போகும்? நிபுணர் 'ஏதோ மாவுப் பசை'ன்னு எழுதி வெச்சிருக்காரு. மூணாவது கவர்ல மட்டும் மடிப்போரத்துல எண்ணெய்க் கறை, கூட லேசாப் பூண்டு வாசனை."

"பூண்டு வாசனையை வெச்சு நியூ ஜெர்சியில ஆள் புடிக்கணும்னா முதல்ல இத்தாலிக்காரன் அத்தனை பேரையும் உள்ள தள்ளணும் மேடம்."

"சரி, உங்க படிப்பு என்ன சொல்லுது?"

ரஞ்சித்குமார் ஒரு மாதமாக இணையத்தில் இலவசப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். 'மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள்' என்பது பாடம்.

"மொத்தம் ஆறு காரணம் மேடம். பேராசை, பழி, பொறாமை, பயம், சின்ன வயசுல பட்ட காயம். இது அஞ்சு. ஆறாவதுக்கு கிரெடிட் கார்ட் நம்பர் கேக்கறான்."

"அப்போ ஆறாவது காரணத்துக்காகக் குத்தம் பண்றவங்க உங்ககிட்டேயிருந்து தப்பிச்சுடுவாங்க."

"இது பொறாமை மேடம், சந்தேகமே இல்ல. எதிர் வீட்டு சாந்தி. குழந்தை கிடையாது. கோயில் வாட்ஸப் குரூப்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

தனபாக்கியம் சிரிக்கவில்லை. கடிதங்களின் நகலைத் திரும்ப எடுத்தாள். மூன்றிலும் நாலைந்து வரிகள்தான். முதலாவதில், இந்த வீட்டில் குழந்தை பத்திரமாக இல்லை என்று. இரண்டாவதில், குளிப்பாட்டும்போது தண்ணீரில் விபரீதம் நடக்கும் என்று. மூன்றாவது, போன மாதம் பத்தொன்பதாம் தேதி போட்டது. 'தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள். தாமதித்தால் குழந்தை இருக்காது.'

"பொறாமைக்காரி மொட்டைக் கடிதாசு போட்டா எதிரியோட பேரை எழுதாம விடுவாளா? அதுக்குத்தானே கடிதாசே! இதுல அவ அடிச்சா, இவன் கிள்ளினான்னு ஒரு வரி கிடையாது. யாரோட பேரும் கிடையாது. தயவுசெய்துன்னு வேற எழுதியிருக்குது." அவள் கடைசி வரிமேல் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது. "இது யாரையும் மாட்டி விடற கடிதாசு இல்லை ரஞ்சித். கெஞ்சற கடிதாசு."

"அப்போ சாந்தி வீட்டுக்குப் போக வேணாமா?"

"போவோம். ஊரே பழி போடுதுன்னா அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தையாவது கேக்கணும்ல?"

*

பிஸ்கட்டவேயில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். சாந்தியின் வீடும் நவநீத் வீடும் எதிரெதிர் வாசல். சாந்திக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தேனிப் பக்கம். கதவைத் திறந்ததும் வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க. வருவீங்கன்னு தெரியும். பிள்ளை இல்லாதவ வீட்டுக்குத்தானே மொதல்ல வருவாங்க."

ரஞ்சித்குமார் தன் காலணியை ஆராய்ந்தான்.

தனபாக்கியம் போனை நீட்டினாள். "இந்தக் கவரை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன். எனக்குத்தான் கிடைக்கலை." சாந்தி சிரித்தாள். "அந்தப் பொண்ணுக்கு இங்கதான் சீமந்தம் பண்ணினாங்க. அவ மாமியார் ஊர்லேர்ந்து கட்டுக் கட்டா இந்தக் கவர் கொண்டாந்து, வந்த பொம்பளைகளுக்கெல்லாம் மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணியோட குடுத்தாங்க. என் முறை வந்தப்ப தாம்பாளத்தைத் திருப்பிட்டாங்க. நான் பாயசம் குடிச்சுட்டு வந்துட்டேன். அப்ப இந்தக் கவர் எங்கிட்ட எப்படி இருக்கும், சொல்லுங்க?"

தனபாக்கியம் போனை அணைத்து ரஞ்சித்குமாரிடம் கொடுத்தாள்.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றாள் சாந்தி. குரலில் இருந்த முள் போய்விட்டது. "ஒரு நாள் மத்தியானம் அந்தப் பொண்ணு பிள்ளையை ஸ்ட்ரோலர்ல தள்ளிக்கிட்டு இந்த வாசல்ல வந்து நின்னா. குளிர், ஸ்வெட்டர்கூட இல்ல. 'ஆன்ட்டி, இவனைக் கொஞ்ச நாள் வெச்சுக்கறீங்களா'ன்னா. கொஞ்ச நேரம்னு சொல்ல வந்தவ வாய் தவறிச் சொல்றாள்னு நினைச்சேன். நான் கையை நீட்டறதுக்குள்ள மாமியார் ஓடி வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அது மட்டும் மனசுல கிடக்கு."

வெளியே வந்ததும் ரஞ்சித்குமார் மெல்லச் சொன்னான். "மேடம், மூணாவது பாடத்துக்கு ஜீரோ மார்க் போட்டுக்கறேன். கவர் மாமியாரோடது. அப்போ மாமியார். மருமகளைப் பிடிக்கல, பேரனை வெச்சுப் பழி வாங்கறாங்க. ரெண்டாவது பாடம்."

தனபாக்கியம் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். "கொஞ்ச நாள்னு கேட்டிருக்குது" என்றாள், தனக்குத்தானே.

*

நவநீத்தின் வீட்டுக்குள் நுழையும்போதே வாசனை அடித்தது. பூண்டு.

"ஸாரி மேடம், கிச்சன் ஃபேன் ரிப்பேர்" என்றான் நவநீத். இரண்டு வாரத் தாடி. அவனுடைய அம்மா விசாலாக்ஷி அடுப்படியில் வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தாள். மடிசார் இல்லை, ஆனால் நெற்றியிலும் நடையிலும் அதே கண்டிப்பு.

"வாங்கோ. எனக்கு இந்த வாசனையே ஆகாது. இந்த ஆத்துல யாரும் தொடறதில்லை. பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம்னு மூக்கைப் பொத்திண்டு வறுத்துப் பொடி பண்றேன். குழந்தை இல்லைன்னு விட்டுட முடியுமா? பால் வத்திடுமோன்னோ. தினம் எடுத்து அனுப்பறோம்."

தனபாக்கியம் வாணலிக்குள் எட்டிப் பார்த்தாள். மிளகு, சுக்கு, சிவக்க வறுத்த பூண்டு. "நெய் ஊத்திப் பிசைஞ்சு குடுப்பீங்களா?"

"பின்னே? சுடச்சுட சாதம், நெய், இந்தப் பொடி. மாடியில அவ ரூமுக்கே தட்டைக் கொண்டு போய் வெச்சுடுவேன்."

மாடிப்படியில் அனன்யா நின்றிருந்தாள். இருபத்தொன்பது வயது. மென்பொருள் வேலை, பிரசவ விடுப்பு. வந்தவர்களுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. கைகள் இரண்டையும் கம்பளிச் சட்டையின் நீளக் கைக்குள் இழுத்து வைத்திருந்தாள்.

வீட்டைச் சுற்றிப் படம் எடுக்கக் கராஜுக்குப் போயிருந்த ரஞ்சித்குமார் திரும்பி வந்தான். "மேடம், குழந்தை குளிக்கற பிளாஸ்டிக் டப், மேல் தட்டுல இருக்கு. எகிப்து மம்மி மாதிரி அட்டைப் பெட்டிக்குள்ள போட்டு டேப் சுத்தி வெச்சிருக்காங்க. ஒரு முழு ரோல் காலி."

"அங்கேயா இருக்கு?" என்றாள் விசாலாக்ஷி. "காணோம்னு தேடினேனே! ஒரு மாசமா நான்தான் கால்ல போட்டுக் குளிப்பாட்டிண்டிருந்தேன்."

தனபாக்கியம் சுவரில் மாட்டியிருந்த கோயில் காலண்டரைப் பார்த்தாள். போன மாதத் தாளைப் புரட்டினாள். பத்தொன்பதாம் தேதியில் சிவப்பாக ஒரு சின்ன அச்சு. ஏகாதசி. அவள் தாளை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"மிஸ்டர் நவநீத், போன மாசம் பத்தொன்பதாம் தேதி நீங்க எங்கே இருந்தீங்க?"

"டெக்ஸாஸ்ல. ஆலன்ல கிளையன்ட் ஆபீஸ். அந்த வாரம் ஃபுல்லா அங்கதான். ஏன்?"

"கடிதாசு இந்த வீட்லேர்ந்துதான் போயிருக்குதுங்க" என்றாள் தனபாக்கியம். "கவர் அம்மா ஊர்லேர்ந்து கொண்டு வந்தது. ஒட்டினது சோத்துப் பருக்கையால."

நவநீத்தின் முகம் மெல்ல அம்மாவின் பக்கம் திரும்பியது. கண்ணுகளா, பெற்ற பிள்ளை அப்படிப் பார்க்கும் பார்வையை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது.

விசாலாக்ஷி அடுப்பை அணைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் எழுதினேன்" என்றாள்.

"அம்மா!"

"ஆமாம்டா. இவளைக் கண்டா எனக்கு ஆகலை. சமைக்கத் தெரியலை, குழந்தையைத் தூக்கத் தெரியலை, எப்பப் பாரு ஒரு வெறிச்ச பார்வை. ரெண்டு அதட்டுப் போட்டா பயந்து புத்தி வரும்னு எழுதினேன். இவ்வளவு தூரம் போகும்னு தெரியாது. திங்கட்கிழமை கோர்ட்டுல வந்து நானே சொல்றேன். என்னை ஊருக்கு அனுப்பிடு. குழந்தை ஆத்துக்கு வந்துடும்."

ரஞ்சித்குமார் வெற்றிப் பார்வையோடு இரண்டு விரலைக் காட்டினான். இரண்டாவது பாடம். பழி.

நவநீத் நாற்காலியில் விழுந்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "ஓ காட்… ஓகே. ஓகே. அப்போ முடிஞ்சுது. மேடம், நீங்க ரிப்போர்ட் குடுங்க. அம்மாவுக்கு சண்டே ஃப்ளைட் புக் பண்றேன். அனு, கேட்டியா? மண்டே ஷ்ரேயஸ் வந்துடுவான்!"

எல்லோரும் அனன்யாவைப் பார்த்தார்கள்.

பிள்ளை திரும்பி வருகிறது என்றால் பெற்றவள் முகம் எப்படி இருக்க வேண்டும்? தனபாக்கியம் அந்த முகத்தைத்தான் எதிர்பார்த்தாள். வரவில்லை. அனன்யாவின் உதடு வெளுத்தது. ஒரு கை சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து மாடிப்படிக் கம்பியைப் பிடித்தது.

"அம்மா ஊருக்குப் போயிட்டா…" என்றாள். இரண்டு வாரத்தில் அவள் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "பகல்ல ஆத்துல வேற யார் இருப்பா?"

நவநீத்துக்கு அது புரியவில்லை. "டேகேர் பார்த்துக்கலாம் அனு, ஃபர்ஸ்ட் அவன் வரட்டும்."

தனபாக்கியத்துக்குப் புரிந்தது. அங்கேதான் அவளுக்கு ஒரு சோதனை. ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். குற்றவாளி ஒப்புக்கொண்டாயிற்று, கட்சிக்காரருக்கு வேண்டியது கிடைத்தாயிற்று. குழந்தை திங்கட்கிழமை வீட்டுக்கு வந்திருக்கும். அதற்கு அடுத்த திங்கட்கிழமை என்ன ஆகியிருக்கும் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி படிக்கட்டில் நின்றாள். இன்னொருத்தி சிறையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள்.

"ஃப்ளைட் புக் பண்ணாதீங்க" என்றாள் தனபாக்கியம். "அம்மா சொல்றது பொய்."

"நான் ஏன் பொய் சொல்லணும்?" விசாலாக்ஷி சீறினாள்.

"பத்தொன்பதாம் தேதி கவரை ஒட்டும்போது உங்க கையில சோறு ஏதுங்க? அன்னைக்கு ஏகாதசி. நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

"நான் சாப்பிடலை. ஆனா வடிச்சேனே! பிள்ளை பெத்தவளுக்கு விரதம் கிடையாது. அவளுக்குன்னு ஒரு ஆழாக்கு வடிச்சேன். அதுலேர்ந்து ஒரு பருக்கை எடுத்தேன்."

"வெறுஞ்சோறா இருந்தா நானும் நம்பியிருப்பேன். அந்தக் கவர்ல நெய்க் கறை, பூண்டு வாசனை. முதல் ரெண்டு கவர்ல அது இல்லை. மூணாவதை ஒட்டினது வெள்ளைச் சோறு இல்லீங்க, பத்தியப் பொடி போட்டுப் பிசைஞ்ச சோறு. அது ஒரே ஒரு தட்டுலதான் இருந்துது." தனபாக்கியம் குரலை உயர்த்தவேயில்லை. "ஏகாதசி அன்னைக்கு, இன்னொருத்தர் சாப்பிட்ட எச்சில் தட்டுல கையை விட்டு, பூண்டுச் சோத்தை நீங்க எடுத்தீங்களா? உங்க சாமி மேல சத்தியமாச் சொல்லுங்க, நான் எழுந்து போயிடறேன்."

விசாலாக்ஷி வாயைத் திறந்தாள். மூடினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் ஒரு பொய்க்குத்தான் துணிந்திருந்தாள், பாவம். இரண்டாவது வரவில்லை.

ரஞ்சித்குமார் நீட்டியிருந்த இரண்டு விரலையும் மடக்கிப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

"கவர்க் கட்டு குறைஞ்சுதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் விசாலாக்ஷி, தரையைப் பார்த்துக்கொண்டு. "பிரிண்டர் சத்தமும் கேட்டுது. என் மேல இருக்கற வெறுப்புல, என்னைத் துரத்தறதுக்காக இவ இப்படிப் பண்றாள்னு நினைச்சேன். சரி, நான் போனா குடும்பம் ஒண்ணாகும்னா போயிட்டுப் போறேன்னு…"

"அனு?" என்றான் நவநீத். எழுந்து நின்றிருந்தான். "நீயா? நம்ம குழந்தையை நீயே… ஆர் யூ கிரேஸி?"

"உட்காருங்க" என்றாள் தனபாக்கியம். சிறையில் நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் கத்தும்போது சொல்லிப் பழகிய 'உட்காருங்க'. அவன் உட்கார்ந்தான்.

அவள் படிக்கட்டில் ஏறி, அனன்யாவுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டிய இடம்.

"ஜெயில்ல ஒரு பொம்பளையை எனக்குத் தெரியும். அவ குழந்தை செத்துப் போச்சு, அவ கையால. பேப்பர்ல அவளை ராட்சசின்னு எழுதினாங்க. ஏன் செஞ்சேன்னு ஏழு டாக்டர் கேட்டாங்க. எங்கிட்ட ஒண்ணுதான் சொன்னா. 'மூணு மாசமா எனக்கு அந்த நெனப்பு வந்துட்டே இருந்துது, யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துது. எல்லாரும் குழந்தை தூங்குதா, குழந்தை குடிச்சுதான்னு கேட்டாங்க. என்னை ஒருத்தரும் கேக்கலை.' அவ்வளவுதான் சொன்னா." தனபாக்கியம் மூச்சு விட்டாள். "நான் கேக்கறேன் கண்ணு. உனக்கு என்ன வந்துது?"

அனன்யா படியில் மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தாள்.

"கையை விட்டா என்ன ஆகும்னு தோணும்" என்றாள். "குளிப்பாட்டறப்போ. முதல்ல ஒரு செகண்ட்தான். அப்புறம் நாள் பூரா. தலகாணியைப் பார்த்தா. மாடிப்படியில இறங்கறப்போ. படமா ஓடும் ஆன்ட்டி, கண்ணை மூடினாலும் ஓடும். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். பிடிச்சவனைப் பத்தி ஏன் இப்படித் தோணணும்? டப்பைக் கட்டி மேல வெச்சேன். தூங்கலை. தூங்கினா எழுந்து நடந்து போய் ஏதாவது பண்ணிடுவேனோன்னு கால்ல துப்பட்டாவைக் கட்டிண்டு படுத்தேன்."

"அவர்கிட்டச் சொல்லலையா?"

"ஒரு தடவை சொன்னேன். 'எனக்கு பயமா இருக்கு'ன்னேன். எல்லா நியூ மாம்ஸுக்கும் அப்படித்தான் இருக்கும்னு கூகுள் பண்ணிச் சொன்னார்."

நவநீத் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"டாக்டர்கிட்டச் சொன்னா குழந்தையை எடுத்துண்டு போயிடுவான்னு பயம். அப்புறம் ஒரு நாள், எடுத்துண்டு போகட்டுமேன்னு தோணித்து. என் பேரை அடிச்சேன். அழிச்சேன். கை வரலை. பேர் இல்லாம அனுப்பினேன். அவா வரலை. இன்னொண்ணு. மூணாவது லெட்டர் போட்ட அன்னிக்கு, தட்டுல சாதம் இருந்துது. அவன் தொட்டில்ல சிரிச்சிண்டிருந்தான். திரும்பவும் அந்தப் படம் ஓடித்து. வேற எதுவும் பண்றதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடணும்னு, அந்தச் சாதத்தையே எடுத்து ஒட்டிட்டு ஓடிப் போய் மெயில்பாக்ஸ்ல போட்டேன்."

தனபாக்கியம் ஒரு படி மேலே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவனை எடுத்துண்டு போன அன்னிக்குத்தான் தூங்கினேன்" என்றாள் அனன்யா. "பதினோரு மணி நேரம். எழுந்து, நான் தூங்கினேனேன்னு அழுதேன். நான் என்ன மாதிரி அம்மா, ஆன்ட்டி?"

"உடம்பு சரியில்லாத அம்மா" என்றாள் தனபாக்கியம். "காய்ச்சல் மாதிரி, இதுக்கும் பேர் இருக்குது, மருந்து இருக்குது. நூத்துக்கணக்கான பேருக்கு வருது. நீ கிளம்பு, இப்பவே டாக்டரைப் பார்க்கறோம். திங்கட்கிழமை கோர்ட்ல என்ன சொல்லணும்னு நீயே முடிவு பண்ணு. நான் பொய் எழுதித் தர மாட்டேன். ஆனா உன் பக்கத்துல நிப்பேன்."

"சொன்னா குழந்தையைத் தர மாட்டாளே?"

"தராமலும் போகலாம்." தனபாக்கியம் அதை மழுப்பவில்லை.

அனன்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு செருப்பு எங்கே என்று கேட்டாள்.

காரை எடுக்கும்போது ரஞ்சித்குமார் ஏதாவது சொல்வான் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பின் இருக்கையில் அனன்யாவுக்கு அந்தப் பக்கம் நவநீத், இந்தப் பக்கம் விசாலாக்ஷி. கண்ணாடியில் மூவரையும் பார்த்தான், ஹீட்டரைக் கூட்டினான்.

"அந்த ஆறாவது பாடத்துக்கு நான் காசு கட்டப் போறதில்ல மேடம்" என்றான், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்ட பிறகு. "அவன்கிட்ட இது இருக்காது."

*

திங்கட்கிழமை. நீதிபதி ஒரு வயதான பெண்மணி. கடிதம் எழுதியவர் யார் என்று தெரிந்ததா என்று கேட்டார். வக்கீல் எழுவதற்குள் அனன்யா எழுந்தாள். தன் பெயரைச் சொன்னாள். முன்பு அடித்து அழித்த பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, கோர்ட்டுச் சுருக்கெழுத்தர் பதிவு செய்யும்படி சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

நீதிபதி மருத்துவரின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அனன்யா சிகிச்சையில் இருக்க வேண்டும். அதுவரை குழந்தை விசாலாக்ஷியின் பொறுப்பில். தாய் குழந்தையைத் தனியாக வைத்திருக்கக் கூடாது. தினம் இரண்டு மணி நேரம், இன்னொருவர் கண்முன்னே பார்க்கலாம். மூன்று மாதம் கழித்து மறு விசாரணை. விடுதலை என்றும் சொல்ல முடியாது, தண்டனை என்றும் சொல்ல முடியாது. பெற்ற குழந்தையைக் காவல் வைத்துப் பார்ப்பது எந்தக் கணக்கில் சேரும்?

வராந்தாவில் அந்த வளர்ப்புக் குடும்பத்துப் பெண் ஷ்ரேயஸைக் கொண்டுவந்து விசாலாக்ஷியின் கையில் வைத்தாள். நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறாள், கன்னம் கூடியிருந்தது. நவநீத் குழந்தையின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

அனன்யா பத்தடி தள்ளி, கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். கிட்டே வரவில்லை. மருந்து தொடங்கி மூன்று நாள்தான் ஆகிறது. படம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விசாலாக்ஷி குழந்தையோடு நடந்து அவளிடம் போனாள்.

"கையை நீட்டு."

"வேண்டாம்மா. எனக்கு பயமா இருக்கு."

இந்தத் தடவை அந்த வார்த்தையைக் கேட்க ஆள் இருந்தது.

"இருக்கட்டும். பயத்தோடயே நீட்டு. உன் கைக்குக் கீழே என் கை இருக்கும். நீ விட்டாலும் நான் விடமாட்டேன்."

சட்டைக்குள்ளிருந்து பத்து விரல்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றின் கீழே விசாலாக்ஷி தன் இரண்டு கைகளையும் ஏந்தினாள். மேலே குழந்தை. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். அனன்யா மூச்சுக்கூட விடாமல் அப்படியே நின்றாள்.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. பால் ஆறியிருக்கும், போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ புதிதாகப் பிள்ளை பெற்றவள் இருந்தால், குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நீ தூங்கினாயா தாயே என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பயந்தவர்களுக்குச் சொல்ல வாய் இருக்கட்டும், கேட்க மடி இருக்கட்டும். தொட்டில் ஆடட்டும். ஆட்டுகிற கையும் சுகமாக இருக்கட்டும்.